பதினாலாயிரம் அந்துகளுக்குப் பெயர் சூட்டிய ஆசிரியர்

நெல் மூட்டையின் வாயை அவிழ்த்ததும் முகத்தில் மோதிப் பறக்கும் அந்தை அறியாதவர் நம் திருவள்ளூர்ப் பக்கத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். வைக்கோல் நிறம், நெல்மணியின் நீளம், விரலால் தொட்டால் பொடிபோல் ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டிவிட்டு நம் அம்மாமார் அரிசியைப் புடைக்கத் தொடங்கிவிடுவார்கள். இதைப்பற்றி மேற்கொண்டு நினைப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இத்தகைய சின்னஞ்சிறு பூச்சிகளைப்பற்றியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் சிந்தித்த ஒரு பள்ளி ஆசிரியர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் எட்வர்டு மெய்ரிக். பூச்சியியல் பயின்றவர்களிடையே உலகெங்கும் புகழ்பெற்ற பெயர் அது. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தென்னை, முந்திரி, தக்காளி ஆகியவற்றின் பூச்சிகளைப் படிக்கும்போது அவர்கள் இப்பெயரைக் கட்டாயம் சந்தித்திருப்பார்கள்.

மெய்ரிக் 1854ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இங்கிலாந்தின் ராம்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். கென்னட் என்ற ஆறு அவ்வூர் வழியே ஓடுகிறது. குடும்பம் வேல்சு நாட்டு வழிவந்த குருமார் குடும்பம். பக்கத்திலுள்ள மார்ல்பரோ கல்லூரியில் அவர் சேர்க்கப்பட்டார். கல்லூரி என்று பெயரிருப்பினும் அது சிறுவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளிதான். மற்றச் சிறுவர்கள் பந்து விளையாடும் நேரத்தில் இவர் விளக்குக் கம்பங்களையும் வேலிப் பலகைகளையும் மரப்பட்டைகளையும் கூர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தார். அந்து ஒளிந்திருக்கக்கூடிய இடம் ஒன்றையேனும் இவன் பார்க்காமல் விட்டதில்லை என்று அறிந்தவர்கள் சொல்லுமளவுக்கு அது பேர்பெற்றுவிட்டது. அப்போது அவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது.

வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கும் ஆசை எந்தக் குழந்தைக்கும் உண்டு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தின்மேல் ஆசை வருவது அரிது. அதனால், அவர் கண்ட அழகு எத்தகையது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

அந்துகளும் வண்ணத்துப்பூச்சிகளும் ஒரே குலம். இரண்டின் இறக்கைகளும் ஓடு வேய்ந்த கூரைபோல நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கும். விரலில் ஒட்டும் பொடி இந்தச் செதில்தான். இக்குலத்தில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 1,60,000 இனங்கள். அவற்றுள் மிகச் சிறியவற்றையெல்லாம் சேர்த்துச் சிற்றந்துகள் என்று கூறலாம். இறக்கையை முழுதும் விரித்து வைத்தாலும் பலவற்றின் அகலம் 8 அல்லது 10 மில்லிமீட்டர்தான்; ஒரு சட்டைப் பித்தானுக்குள் அடங்கிவிடும். 3 மில்லிமீட்டர் உள்ளவையும் உண்டு. வெறுங்கண்ணுக்கு அவை பறக்கும் தூசு.

கைவில்லையை வைத்துப் பார்த்தால் கதையே வேறு. முன்னிறக்கை நெல் தோகைபோல் குறுகி நீண்டிருக்கும். அதன்மேல் பழுப்பு நிலம். அதில் குறுக்கே வெள்ளிக் கோடுகள். கோட்டின் ஓரத்தில் கறுப்புக் கரை. பட்டுப் புடவையில் சரிகை இழைத்தாற்போல இருக்கும். பின்னிறக்கையோ இன்னும் ஒடுக்கமானது. பல இனங்களில் அது வெறும் ஒரு கீற்றுத்தான். ஆனால் அதன் விளிம்பெங்கும் நீண்ட மென்மயிர்கள் வரிசையாக நிற்கும். இறக்கையைவிட அந்த மயிர் விளிம்பே அகலமாக இருப்பதும் உண்டு. காற்றில் மிதக்க அதுவே உதவுகிறது. வாயின் இருபுறமும் இரண்டு சிறு கொம்புகள் மேல்நோக்கி வளைந்து தலைக்குமேல் நீண்டிருக்கும். நம் நெல் அந்தினிடம் இந்த மயிர் விளிம்பும் கொம்புகளும் உண்டு; பின்னிறக்கையின் நுனி மட்டும் சுட்டுவிரலை நீட்டியதுபோல் கூராக முடியும். இறகந்து என்று சொல்லத்தக்க வேறொரு குடும்பத்தில் இறக்கைகள் பிளவுபட்டுப் பறவை இறகுகளைச் சேர்த்து வைத்தாற்போலவே தோன்றும். வெப்ப நாட்டுக் காடுகளில் இந்த வகைகளுக்குக் கணக்கில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் இருட்டியபின் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு அதன்முன் விளக்கை வைத்தால், பெரிய விட்டில்கள் நாலைந்து வருமுன் இச்சிறியவை நூற்றுக்கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மார்ல்பரோவில் படிப்பு முடிந்ததும் மெய்ரிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். படித்தது அறிவியல் அன்று. பழைய இலத்தீனும் கிரேக்கமும். ஆயினும் அந்துகளை விடவில்லை. 1875இல் சிற்றந்துகளைப்பற்றிய அவருடைய முதல் குறிப்புகள் வெளிவந்தன. 1877ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பரமட்டா என்னும் ஊரிலுள்ள கிங்ஸ் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. கப்பலேறினார். அந்தப் பள்ளியிலும் சிட்னி கிராமர் பள்ளியிலும், பிறகு நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளியிலுமாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைக்க அங்கே போட்டி இருந்தது. சிற்றந்துகளையோ அந்நாடுகளில் சீண்டியவர் மிகச் சிலரே. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் புதர்களையும் மலைச்சரிவுகளையும் அவர் சல்லடை போட்டுச் சலித்தார்.

அங்கேதான் அவர் தம்முடைய முறையை உருவாக்கினார். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நிச்சயம். நிறம் மங்கும், செதில் உதிரும். இறக்கையைத் தாங்கும் நரம்புகளோ மாறுவதில்லை. முன்னிறக்கையின் நரம்புகளுக்கு 1 முதல் 12 வரையும், பின்னிறக்கையின் நரம்புகளுக்கு 1 முதல் 8 வரையும் எண் கொடுத்திருந்தார்கள். ஏழாம் நரம்பும் எட்டாம் நரம்பும் தனித்தனியே புறப்படுகின்றனவா, ஒரே காம்பிலிருந்து கிளைக்கின்றனவா? ஆறாவது நரம்பு ஏழாவதற்கு இணையாகப் போகிறதா? இப்படி நரம்பு நரம்பாகக் கேட்டுக்கொண்டே போனால் எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்பது தெரிந்துவிடும் என்று அவர் கண்டார். இலக்கண ஆசிரியரின் மனம் இதில் வேலை செய்திருக்கிறது. வேர்ச்சொல்லையும் விகுதியையும் பிரித்துப் பார்ப்பது போலவே அந்தின் இறக்கையையும் அவர் பிரித்துப் பார்த்தார்.

1886ஆம் ஆண்டின் முடிவில் தாய்நாடு திரும்பித் தாம் படித்த மார்ல்பரோவிலேயே ஆசிரியரானார். 1914 வரை அங்கே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பகலில் வகுப்பு, கட்டுரை திருத்தல், தேர்வு. எஞ்சிய பொழுதெல்லாம் அந்து. 1904இல் லண்டன் ராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது சாமானியப் பெருமை அன்று.

இனிமேல் வருவதுதான் நமக்கு நேராகத் தொடர்புடையது. மெய்ரிக் இந்தியாவில் பூச்சி சேகரித்தவரல்லர். இந்தியா அவரிடம் தபாலில் போய்ச் சேர்ந்தது! குடகுக் காடுகளிலிருந்தும், இலங்கையில் மஸ்கெலியாவின் தேயிலை மலைகளிலிருந்தும், ஷில்லாங்கைச் சுற்றியுள்ள காசி மலைகளிலிருந்தும் சேகரித்தவர்கள் சிறு பெட்டிகளில் அந்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுள் முக்கியமானவர் தாமஸ் பெயின்பிரிக் பிளெட்சர். கடற்படையில் கணக்கு அதிகாரியாக இருந்து பூச்சியியலுக்கு வந்தவர் இவர்; கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசின் பூச்சியியலராகப் பணியாற்றியபின் பீகாரிலுள்ள பூசாவுக்குச் சென்றார். தென்னிந்தியப் பூச்சிகளைப்பற்றி 1914இல் அவர் எழுதிய பெருநூலைப் பழைய வேளாண்மை நூலகங்களில் காணலாம். இவர்கள் அனுப்பிய பெட்டிகளைத் திறந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1905 முதல் 1914 வரை இந்தியச் சிற்றந்துகளின் வருணனைகளை மெய்ரிக் தொடர்ந்து எழுதி வெளியிட்டார்.

கொடைக்கானல் சுற்றுலாவின்போது செண்பகனூரில் இயேசு சபையார் அமைத்த அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு, பூச்சிகளை எப்படிக் குத்தி வைப்பார்கள் என்பது தெரிந்திருக்கும். பெரிய விட்டிலுக்குச் சாதாரண ஊசி போதும். சிற்றந்துக்கு மயிரிழை போன்ற ஊசி வேண்டும். சற்றே அழுத்தினால் உடல் உடைந்துவிடும். மூச்சு பட்டால் இறக்கை பறந்துவிடும். இவ்வளவு மெல்லிய பொருள் குடகிலிருந்து மாட்டுவண்டியிலும் ரயிலிலும் கப்பலிலும் பயணம் செய்து, மயிர் விளிம்பு கலையாமல் மார்ல்பரோ போய்ச் சேர்ந்தது என்றால் அனுப்பியவர்களின் பொறுமையையும் நாம் மெச்சத்தான் வேண்டும். அவர்களில் பலருக்கு உதவிய உள்ளூர் வேலையாட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பெட்டி வந்ததும் மெய்ரிக் செய்தது என்ன? கையில் ஒரு வில்லை. மேசைமேல் ஒரு தாள். அந்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து முதலில் எழுதுவார். அடுத்துத் தலையின் நிறம், வாய்க்கொம்பு, மார்பு, வயிறு. பிறகு முன்னிறக்கை: அதன் வடிவம், முன் விளிம்பு நேரா வளைவா, நிலத்தின் நிறம், எந்தப் புள்ளி எந்தப் புள்ளிக்கு மேலே அல்லது சற்றுப் பின்னே. கடைசியாகப் பின்னிறக்கையும் மயிர் விளிம்பும். ஒவ்வோர் அந்துக்கும் இதே வரிசைதான், வரிசை மாறாது. மங்கல் பழுப்பு, மஞ்சள் கலந்த சாம்பல், ஊதா படர்ந்த கருமை என்று நிறங்களுக்கு மட்டும் அவரிடம் பெரிய சொற்களஞ்சியம் இருந்தது. ஓர் அந்துக்கு ஐந்தாறு வரி, அவ்வளவே. படம் கிடையாது. சொல்லே படம் என்பது அவர் கொள்கை போலும்.

பெயர் வைக்கும் வேலையில் அவருடைய கிரேக்கம் கைகொடுத்தது. லின்னேயசு என்ற சுவீடன் நாட்டு அறிஞர் காலத்திலிருந்தே ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான பெயர் வைப்பது வழக்கம். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். சிற்றந்துகளின் இனப்பெயரை எல்லா என்ற விகுதியில் முடிப்பதும் பழைய வழக்கம். எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோலம் போடும் பூச்சிக்குச் சிட்ரெல்லா என்று பெயர் இருப்பது அதனால்தான். மெய்ரிக் அந்த விகுதியைப் பெரும்பாலும் கைவிட்டுக் கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் புதுப்பெயர்களை ஆக்கினார். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தளிரில் கொப்புளம் எழுப்பும் ஒரு சிறு பூச்சிக்கு 1914இல் அவர் சூட்டிய பெயர் சின்கிராமா. எழுதப்பட்ட நூல் என்று கிரேக்கத்தில் அதற்குப் பொருள். அந்தப் பூச்சியின் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே, ஒரு காகிதத்தின் கனத்துக்குள் வாழ்கிறது! முதலில் வெளுத்தும் முதிர்ந்தபின் செம்மை படர்ந்தும் இருக்கும். வெளியே வரும் அந்து வெள்ளி கலந்த சாம்பல் நிறம்.

இப்படி அவர் பெயரிட்டவை பதினாலாயிரத்துக்கும் மேல். முதற்குறிப்பு வெளியான ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஐந்து நாளைக்கு மூன்று பெயர்கள் வீதம், ஞாயிறும் திருநாளும் விடாமல், அறுபத்துமூன்று ஆண்டுகள்!

பெயர் வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். தென்னையைப் பாருங்கள். சில கோடைகளில் தென்னையின் கீழ்மட்டைகள் நெருப்பில் வாட்டியதுபோல் காய்ந்து நிற்கும். அருகில் போய்க் கீற்றைத் திருப்பினால், அடிப்புறத்தில் நூலும் புழுக்கையும் கலந்து கட்டிய நீண்ட கூடுகள். உள்ளே கருந்தலைப் புழு. அதிலிருந்து வெளிவரும் சாம்பல் நிற அந்துக்கு 1905இல் மெய்ரிக் நெபான்டிஸ் செரினோபா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் கிடைத்ததும்தான் இலங்கையில் ஒருவர் கண்டதும் கேரளத்தில் ஒருவர் கண்டதும் கோயம்புத்தூரில் ஒருவர் கண்டதும் ஒரே பூச்சி என்று பேசிக்கொள்ள வழி பிறந்தது. அதன் புழுவின்மீது முட்டையிட்டு அழிக்கும் ஒரு சிறு குளவியையும் கண்டுபிடித்து, அந்துவின் பெயரையொட்டியே நெபான்டிடிஸ் என்று பெயர் கொடுத்தார்கள். அக்குளவியை ஆய்வுக்கூடங்களில் வளர்த்துத் தென்னந்தோப்புகளில் விடுவது இன்றைக்கும் நடக்கும் வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெய்ரிக்குக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1864இல், பிரான்சிஸ் வாக்கர் என்பவர் அதே அந்துக்கு ஒபிசினா அரினோசெல்லா என்று பெயர் வைத்திருந்தார்! அது பின்னால்தான் தெளிவாயிற்று. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே மெய்ரிக் வைத்த பெயர் நீங்கியது. ஆனால் குளவியின் பெயர் மாறவில்லை. எந்தப் பூச்சியின் பெயரைத் தாங்குகிறதோ அந்தப் பெயர் வழக்கொழிந்த பின்னும் குளவி அதைச் சுமந்துகொண்டு திரிகிறது.

இவ்விதக் குழப்பங்களுக்கு மெய்ரிக்கும் ஒரு காரணமே. அதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது முறையாகாது. அவர் காலத்திலேயே வேறு வழி வந்துவிட்டது. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு அந்துகளின் வயிற்று நுனியிலுள்ள கெட்டியான உறுப்புகளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், இரண்டும் வேறுவேறு இனங்கள் என்பது பளிச்சென்று தெரியும். வெளித்தோற்றம் ஏமாற்றும், இவ்வுறுப்புகள் அநேகமாக ஏமாற்றுவதில்லை. இளைய ஆய்வாளர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். மெய்ரிக் ஏற்கவில்லை. கைவில்லைக்குத் தெரிவதே போதும் என்று கடைசிவரை இருந்துவிட்டார். அதன் பயனாகச் சில சமயம் ஓர் அந்துக்கே இரண்டு பெயர் வைத்தார். சில சமயம் இரண்டு மூன்று இனங்களை ஒரே பெயரில் அடைத்தார். படமும் இல்லாததால், ஐந்தாறு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பின்வந்தவர்கள் தவித்தார்கள். அவருடைய மறைவுக்குப்பின் அமெரிக்க அறிஞர் கேட்ஸ் கிளார்க் அந்தப் பெட்டிகளையெல்லாம் திறந்து, மெய்ரிக் செய்யாமல் விட்ட உறுப்பாய்வைச் செய்து, புகைப்படங்களுடன் வெளியிடத் தொடங்கினார். 1955இல் தொடங்கிய அப்பணி எட்டுத் தொகுதிகளாக நீண்டது. ஒரு மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதியதைச் சரிபார்க்கவே இவ்வளவு ஆயிற்று!

பிடிவாதம் என்று இதைச் சொல்லலாம். ஆயினும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒவ்வோர் அந்தையும் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் ஆயுளில் ஆயிரம் இரண்டாயிரம் முடிந்திருக்கும். மற்றவை பெயரின்றிப் பெட்டியிலேயே பூஞ்சணம் பிடித்திருக்கும். எது மேல் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

உருப்பெருக்கியைவிடப் பெரிய குறை வேறொன்று உண்டென்பேன். அவர் பெயரிட்ட வெப்ப நாட்டு அந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றை அவர் உயிரோடு கண்டதில்லை. அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, மரியா சிபில்லா மெரியன் என்னும் பெண்மணி 1699இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். காட்டில் புழுக்களைத் தேடி, அவற்றுக்கு உரிய இலையைக் கொடுத்து வளர்த்து, புழு கூடாகிக் கூடு அந்தாவதைக் கண்ணாரக் கண்டு வண்ணப் படங்களாக வரைந்தார். 1705இல் அந்நூல் வெளிவந்தது. மெரியன் அம்மையார் கண்ட அந்துகள் மிகச் சில. ஆனால் அவற்றின் வாழ்க்கை முழுதும் அவருக்குத் தெரியும். மெய்ரிக் கண்டவை பல்லாயிரம். அவற்றின் வாழ்க்கை அவருக்குத் தெரியாது.

அதனால் தப்பிப்போனது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பிரெந்தியா என்ற பேரினத்துச் சிற்றந்துகள் வெப்ப நாட்டுக் காடுகளில் வாழ்கின்றன. ஆசியக் காடுகளிலிருந்து வந்த பிரெந்தியாக்கள் பலவற்றுக்கு மெய்ரிக் பெயர் சூட்டியிருக்கிறார். ஊசியில் குத்தித் தட்டையாக விரித்து வைத்தால், கருமையான இறக்கை, அதன் ஓரங்களில் உலோகம்போல் மின்னும் புள்ளிகள், இவ்வளவுதான் தெரியும். அவரும் அப்புள்ளிகளை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதியிருப்பார். ஆனால் உயிருள்ள பிரெந்தியா இலைமேல் தட்டையாக உட்காருவதில்லை. முன்னிறக்கைகளை உயர்த்திப் பின்னிறக்கைகளை முறுக்கி, விட்டுவிட்டுத் துள்ளி நடக்கும். அந்நிலையில் எதிரிலிருந்து பார்த்தால் அது அந்து அன்று, குதிக்கும் சிலந்தி! மின்னும் புள்ளிகள் சிலந்தியின் கண்கள். இறக்கையிலுள்ள பட்டைகள் சிலந்தியின் கால்கள். நம் வீட்டுச் சுவரில் ஈ பிடிக்கும் அந்தக் குதிக்கும் சிலந்திதான் காட்டில் இவற்றைத் தின்னும் பகைவன். யாத்ராங்கா ரோட்டா என்ற பெண் ஆய்வாளரும் டேவிட் வாக்னரும் கோஸ்டா ரிகா நாட்டில் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அந்தை ஒரு சிலந்தியோடு சேர்த்து அடைத்து வைத்தபோது, சிலந்தி பாய்ந்து தின்னவில்லை. எதிரே இன்னொரு சிலந்தி நிற்பதாக எண்ணி, முன்கால்களைத் தூக்கி அசைத்து எல்லைச் சண்டைக்கு நின்றது. அதே அளவுள்ள மற்ற அந்துகளோ அதிகம் இரையாயின.

புள்ளியை எண்ணியவருக்கு அது கண் என்று தெரியாமற் போயிற்று. காடும் சிலந்தியும் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் புள்ளிக்குப் பொருள் உண்டு.

1912 மார்ச்சில், தம் ஐம்பத்தேழாம் வயதில், அயல்நாட்டுச் சிற்றந்துகளுக்கென்றே ஒரு தனி வெளியீட்டை மெய்ரிக் தொடங்கினார். எழுதியவரும் அவரே, வெளியிட்டவரும் அவரே. பகுதி பகுதியாக அது வந்துகொண்டிருந்தது. 1914இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார்; ஓய்வு என்பது வகுப்பறைக்கு மட்டும்தான். நான்கு தொகுதிகள் முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தபோது, 1937 நவம்பரில் கடைசிப் பகுதி வெளியாயிற்று. 1938 மார்ச் 31ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதில் அவர் காலமானார். ஐந்தாம் தொகுதி பாதியில் நின்றுவிட்டது. அவர் சேர்த்து வைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்துகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவற்றுள் ஒன்றைப்பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெரு நாட்டில் ஆண்டிஸ் மலைமேல், உவான்காயோ என்ற ஊரில் பிடிபட்ட ஓர் ஆண் அந்து மெய்ரிக்கிடம் வந்தது. ஒன்றே ஒன்றுதான். வெள்ளியும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறம், ஆங்காங்கே கரும்புள்ளி, மணி கோத்தாற்போன்ற உணர்கொம்பு. அகலம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். நம் நெல் அந்தின் குடும்பம். 1917இல் அவர் அதைத் தோரிமியா என்ற பேரினத்தில் சேர்த்து அப்சொலூட்டா என்று பெயரிட்டார். இலத்தீனில் முழுமையானது என்று பொருள். மலையூரின் ஒரு பூச்சியை எவர் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அது தக்காளியைத் தின்னும் பூச்சி. தென் அமெரிக்காவெங்கும் பரவி, கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய், 2014இல் மகாராஷ்டிரத்தில் காணப்பட்டது. அடுத்துத் தமிழ்நாட்டுத் தக்காளித் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. நம் உழவர்கள் இதை ஊசிப்புழு என்கிறார்கள். தக்காளியில் குண்டூசி குத்தியதுபோல் துளை இருக்கும்.

இந்தப் பூச்சி தோட்டங்களை அழிக்கத் தொடங்கிய காலத்தில், மெய்ரிக் வைத்த பேரினம் தவறென்று கருதி வேறொரு பேரினத்துக்கு மாற்றியிருந்தார்கள். டூட்டா அப்சொலூட்டா என்றே பல ஆண்டுகள் எல்லா வேளாண்மை ஏடுகளும் எழுதின. 2021இல் இரு ஆய்வாளர்கள் அதன் உறவுமுறையைப் புதிதாக ஆராய்ந்தார்கள். முடிவில் அதை எடுத்துப் பழைய இடமாகிய தோரிமியாவிலேயே சேர்த்தார்கள். கைவில்லையோடு மேசைமுன் அமர்ந்த அந்த ஆசிரியர், ஒற்றை அந்தைப் பார்த்து, 104 ஆண்டுகளுக்குமுன் எழுதிவைத்த அதே இடம்.